பழைய காருக்கு மின்விசிறி: ரிலே பொருத்தும் முறையும் பாதுகாப்பும்

பழைய கார்களைப் பேணிக் காப்போர் நமது நாட்டில் இன்றும் பலர் உளர். தந்தையார் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய மோரிஸ் மைனர், பாட்டனார் ஓட்டிய ஆஸ்டின், எழுபதாம் ஆண்டுகளில் வந்த டட்சன், டொயோட்டா ஆகிய வண்டிகளை விற்க மனமின்றிப் பழுது பார்த்து ஓட்டி வருகின்றனர். சிலருக்கு அது குடும்ப நினைவு; சிலருக்கு விடுமுறை நாள் பொழுதுபோக்கு. எதுவாயினும், அவ்வண்டியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு பட்டணத்திற்குச் செல்கின்றோம் என்பதை மறத்தலாகாது.

இத்தகைய வண்டிகளில் அடிக்கடி எழும் தொல்லை, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவதாகும். அதற்குப் பரிகாரமாக ரேடியேட்டருக்கு மின்விசிறி ஒன்றைப் பொருத்துவோர் பெருகி வருகின்றனர். விசிறி பொருத்துவது நல்ல முயற்சியே. ஆனால், கையில் கிடைத்த மெல்லிய வயரை எடுத்து, விசிறியை நேராக ஒரு சுவிட்சுடன் இணைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று எண்ணுவது ஆபத்தானது. வயர் சூடேறி, அதன் உறை உருகி, புகை கிளம்பி, வண்டியே தீக்கு இரையாகக் கூடும். இவ்விபத்தைத் தடுப்பது ரிலே என்னும் சிறிய கருவியும், ஃபியூஸ் என்னும் அதைவிடச் சிறிய பொருளுமேயாகும். அவற்றைப் பொருத்தும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

விசிறியின் வேலை

எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோல் கொடுக்கும் வெப்பத்தில் ஒரு பகுதியே வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. மற்றொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களின் இடையே காற்று புகுந்து அந்த வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வண்டி வேகமாக ஓடும்போது காற்று தானாகவே புகும். வண்டி நிற்கும்போதும், மெதுவாக ஊர்ந்து செல்லும்போதும் விசிறிதான் காற்றை இழுத்துத் தர வேண்டும்.

பழைய வண்டிகளில் விசிறியை ஒரு பெல்ட் வழியாக எஞ்சினே சுழற்றுகிறது. இதில் ஒரு குறை உண்டு. எஞ்சின் வேகமாக ஓடும்போது விசிறியும் வேகமாகச் சுற்றும். ஆனால் அப்போது அதன் தேவை குறைவு. நெரிசலில் வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும். விசிறியும் மெதுவாகவே சுற்றும். அப்போதுதான் அதன் தேவை மிகுதி. மின்விசிறியோ எஞ்சினின் வேகத்தைச் சார்ந்ததன்று. நீர் சூடானதும் முழு வேகத்தில் சுற்றும், ஆறியதும் நின்றுவிடும். நெரிசல் மிகுந்த இன்றைய சாலைகளுக்கு இது ஏற்றது.

முதலில் நோயை அறிக

காய்ச்சல் கண்டவனுக்கு நெற்றியில் ஈரத்துணி இட்டால் சூடு சற்றுத் தணியும்; நோய் தீராது. அதுபோலவே, வண்டி சூடாவதற்குக் காரணம் வேறாக இருப்பின் மின்விசிறி அதைத் தீர்க்காது. மறைத்து மட்டுமே வைக்கும்.

ஆகவே முதலில் இவற்றைப் பாருங்கள். ரேடியேட்டரின் உட்புறம் துருவாலும் உப்புப் படிவாலும் அடைபட்டுள்ளதா? வெளிப்புறத்தில் செம்மண் சேறும் பூச்சிகளும் அப்பியுள்ளனவா? ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தில் தோட்டச் சாலையில் ஓடும் வண்டிகளின் முன்புறத்தில் சருகுகள் அடைந்துகொள்வதும் உண்டு. நீர்க்குழாய்கள் உப்பியுள்ளனவா? தெர்மோஸ்டாட் திறக்கிறதா? பெல்ட் தளர்ந்துள்ளதா? ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் நைந்துள்ளதா? இம்மூடி அழுத்தத்தைத் தாங்குவதால்தான் நீரின் கொதிநிலை உயர்கிறது. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருப்பின், நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்காமல் ஏறத்தாழ 111 பாகை வரை தாக்குப் பிடிக்கும்.

இதே காரணத்தால், சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தல் கூடாது. அழுத்தம் நீங்கிய கணமே நீர் கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். எஞ்சினை நிறுத்தி, கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறும்வரை காத்திருப்பதே அறிவுடைமை.

மின்சாரக் கணக்கு

அடுத்து, உங்கள் வண்டி மின்விசிறியைத் தாங்குமா என்று கணக்கிட வேண்டும். கணக்கு எளியது. வாட் அளவை வோல்ட் அளவால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 120 வாட் விசிறி, 12 வோல்ட் பேட்டரியில் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் இதைப் போல் இருமடங்கோ மும்மடங்கோ எடுக்கும்.

மோரிஸ் மைனர் வண்டி 1948ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை பிரிட்டனில் தயாரிக்கப்பட்டது. அவ்வகை வண்டிகளில் பொருத்தப்பட்ட லூக்காஸ் சி40 டைனமோ அதிக அளவாக 22 ஆம்பியர் கொடுக்க வல்லது. மழை பெய்யும் இரவு ஒன்றை எண்ணிப் பாருங்கள். முன்விளக்குகளுக்கு 8, பின்விளக்கு முதலிய சிறு விளக்குகளுக்கு 2, எஞ்சினின் தீப்பொறி அமைப்புக்கு 4, கண்ணாடி துடைப்பானுக்கு 3, மின்விசிறிக்கு 10 எனக் கொண்டால், மொத்தம் 27 ஆம்பியர் ஆகிறது. வரவு 22, செலவு 27. குறையும் 5 ஆம்பியரைப் பேட்டரிதான் ஈடுசெய்ய வேண்டும். வரவுக்கு மிஞ்சிய செலவு குடும்பத்தைக் கெடுப்பது போல் பேட்டரியையும் கெடுக்கும். மேலும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ பெரும்பாலும் மின்சாரம் கொடுப்பதில்லை. ஆகவே, டைனமோ உள்ள வண்டிக்குச் சிறிய விசிறியே தகும். பெரிய விசிறி வேண்டுமெனில் முதலில் ஆல்டர்னேட்டர் பொருத்துதல் வேண்டும். எழுபதாம் ஆண்டுகளின் ஜப்பானிய வண்டிகள் பெரும்பாலும் ஆல்டர்னேட்டருடனேயே வந்தன.

ரிலே என்பது யாது?

தோட்டத்து நடைமுறையைக் கொண்டே இதை விளக்கலாம். காலைப் பெரட்டில் மானேஜர் ஒவ்வொருவரிடமும் சென்று வேலை ஏவுவதில்லை. அவர் கங்காணியிடம் ஒரு சொல் சொல்கிறார். கங்காணி முழுக் கூட்டத்தையும் வேலைக்கு அழைத்துச் செல்கிறார். ஆணை சிறியது; அதனால் நகரும் ஆற்றல் பெரியது. ரிலேயின் பணி இக்கங்காணியின் பணியே.

ரிலேயின் உள்ளே மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இரும்புத் துண்டின் மீது சுற்றப்பட்டிருக்கும். அச்சுருளில் சிறிது மின்சாரம் பாய்ந்தால் இரும்பு காந்தமாகி, அருகிலுள்ள ஒரு தகட்டை இழுக்கும். தகடு நகர்ந்ததும் இரண்டு தடித்த முனைகள் ஒன்றையொன்று தொடும். அவற்றின் வழியே விசிறிக்கு வேண்டிய மின்சாரம் முழுவதும் பாயும். சுருளின் தடை ஏறத்தாழ 80 ஓம் எனில், 12 வோல்ட்டில் அது எடுப்பது 0.15 ஆம்பியரே. இந்தச் சிறு மின்னோட்டம் 10 ஆம்பியரை ஆள்கிறது. அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி 1835ஆம் ஆண்டில் கண்ட இவ்வழிமுறை, பின்னர்த் தந்திச் செய்திகளை நெடுந்தூரம் கொண்டு செல்லவும் பயன்பட்டது.

ரிலே இன்றி இணைத்தால் நேர்வது என்ன? பேட்டரியிலிருந்து ஓட்டுநர் முன்னுள்ள சுவிட்சு வரை சென்று, மீண்டும் விசிறிக்கு வர 5 மீட்டர் வயர் வேண்டும் எனக் கொள்வோம். வயரின் செம்பு 1 சதுர மில்லிமீட்டர் தடிப்புடையதாயின், 10 ஆம்பியர் பாயும்போது ஏறத்தாழ 0.9 வோல்ட் வழியிலேயே வீணாகும். வீணாகும் அந்த 9 வாட்டும் வெப்பமாகி வயரைச் சுடும். விசிறியும் வேகம் குறைந்து சுற்றும். ரிலேயைப் பேட்டரிக்கும் விசிறிக்கும் அருகில் வைத்து, 3 சதுர மில்லிமீட்டர் வயரை 2 மீட்டர் அளவே பயன்படுத்தினால், வீணாவது 0.12 வோல்ட் அளவே. பழைய சுவிட்சின் முனைகளும் தீய்ந்து போகா.

நான்கு எண்களின் பொருள்

ரிலேயின் அடிப்பகுதியில் சில எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இவை ஜெர்மன் நாட்டுத் தரக் குறியீடுகள். இவற்றை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

30 என்பது பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் முனை. 87 என்பது விசிறிக்கு மின்சாரம் செல்லும் முனை. 85, 86 இரண்டும் சுருளின் முனைகள். சில ரிலேக்களில் 87ஏ என ஐந்தாவது முனை ஒன்றும் இருக்கும். ரிலே ஓய்ந்திருக்கும்போது இம்முனையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். நமக்கு இது தேவையில்லை. ஆயினும் வண்டியின் உடம்பில் பட்டுவிடாதபடி மூடி வைத்தல் அவசியம்.

வேண்டிய பொருள்கள்

30 ஆம்பியர் தாங்கும் 12 வோல்ட் ரிலே ஒன்று. 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும், 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும், அவற்றின் உறைகளும். 3 சதுர மில்லிமீட்டர் வயர். சிறு மின்னோட்டத்திற்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர். வெப்ப சுவிட்சு ஒன்று. வயர் முனைகளை நெரித்துப் பொருத்தும் கவ்விகள். துளைகளுக்கு ரப்பர் வளையங்கள்.

வயர் பல மெல்லிய இழைகளால் ஆனதாக இருத்தல் வேண்டும். வீட்டுச் சுவர்களில் பயன்படும் ஒற்றைக் கம்பி வயர், வண்டியின் அதிர்வால் நாளடைவில் முறிந்துவிடும்.

வெப்ப சுவிட்சைத் தேர்வதில் கவனம் தேவை. எஞ்சினின் தெர்மோஸ்டாட் 82 பாகையில் திறப்பதாயின், விசிறியின் சுவிட்சு அதற்கு மேல், அதாவது 92 பாகை அளவில் இயங்கி, 87 பாகை அளவில் நிற்பதாக இருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்திற்குக் கீழே இயங்கும் சுவிட்சை வாங்கினால் விசிறி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இணைக்கும் முறை

முதலாவதாக, கையிலுள்ள மோதிரம், காப்பு, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். பேட்டரியின் முனையையும் வண்டியின் இரும்பையும் ஒரு மோதிரம் இணைத்துவிட்டால், நொடிப்பொழுதில் அது பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பின்னர்ப் பேட்டரியின் எர்த் வயரை, அதாவது வண்டியின் உடம்போடு இணைந்த வயரைக் கழற்றுங்கள். வேலை முடியும்வரை அதை மீண்டும் மாட்டக் கூடாது.

இரண்டாவதாக, ரிலேயைப் பொருத்தும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். புகைக்குழாயின் வெப்பம் தாக்காத, மழைநீர் தெறிக்காத இடமாக இருக்கட்டும். நீர் தேங்காதிருக்க, முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு அதைப் பொருத்துங்கள்.

மூன்றாவதாக, பேட்டரியின் மின்சார முனையிலிருந்து 3 சதுர மில்லிமீட்டர் வயரை 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30ஆம் முனைக்குக் கொண்டு வாருங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில், ஒரு சாண் தூரத்திற்குள் இருத்தல் வேண்டும். ஃபியூசுக்கு முன்னுள்ள வயரில் உரசல் ஏற்பட்டால் அதைக் காக்க எதுவும் இல்லை.

நான்காவதாக, 87ஆம் முனையிலிருந்து அதே தடிப்புள்ள வயரை விசிறி மோட்டாரின் ஒரு வயருடன் இணையுங்கள். மோட்டாரின் மற்றொரு வயரை வண்டியின் உடம்பில் எர்த் செய்யுங்கள். எர்த் செய்யும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்படி செய்தல் வேண்டும். விசிறி சுற்றாமைக்குத் துருப்பிடித்த எர்த்தே பல வேளைகளில் காரணமாகும்.

ஐந்தாவதாக, சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும் ஓரிடத்திலிருந்து, 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, மெல்லிய வயரை 86ஆம் முனைக்குக் கொண்டு வாருங்கள். லூக்காஸ் ஃபியூஸ் பெட்டியுள்ள பிரிட்டிஷ் வண்டிகளில் ஏ4 என்னும் முனை இதற்கு உதவும். இவ்வாறு செய்தால், சாவியை எடுத்த பின் விசிறி தானே சுற்றிப் பேட்டரியைக் காலி செய்யாது.

விசிறிக்கு வேண்டிய பெரிய மின்சாரத்தையும் சாவியின் வழியே எடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அது தவறு. சாவியின் முனைகள் அதைத் தாங்கா. அன்றியும், சாவியை நிறுத்திய பின்னும் சுற்றிக்கொண்டிருக்கும் விசிறி தானே ஒரு சிறு டைனமோவாகி, தீப்பொறி அமைப்புக்கு மின்சாரம் அனுப்பி, எஞ்சினைச் சற்று நேரம் நிற்கவிடாமல் செய்யக் கூடும்.

ஆறாவதாக, 85ஆம் முனையிலிருந்து மெல்லிய வயரை வெப்ப சுவிட்சுக்குக் கொண்டு செல்லுங்கள். இரண்டு முனையுள்ள சுவிட்சாயின் மற்ற முனையை எர்த் செய்யுங்கள். ஒரே முனையுள்ள சுவிட்சு ரேடியேட்டரின் உடம்பு வழியாகவே எர்த் பெறுகிறது. ரேடியேட்டர் ரப்பர் தாங்கிகளின் மீது அமர்ந்திருப்பின், ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை நினைவிற் கொண்டு, ரேடியேட்டரிலிருந்து வண்டியின் உடம்புக்குத் தனி எர்த் வயர் போடுதல் வேண்டும்.

பழைய பெல்ட் விசிறியைக் கழற்றும்போது பெல்ட்டையும் கழற்றிவிடாதீர்கள். நீர்ப் பம்பையும் டைனமோவையும் சுழற்றுவது அந்தப் பெல்ட்டே. சில வண்டிகளில் விசிறியையும் கப்பியையும் ஒரே போல்ட்டுகள் பிடித்திருக்கும். விசிறியை எடுத்தபின் அந்தப் போல்ட்டுகள் நீளம் மிகுந்து இறுகாமல் நிற்கலாம். அவற்றுக்கு மாற்றாக ஏற்ற அளவுள்ளவற்றைப் போடுதல் நலம்.

எர்த் முனை மாறிய வண்டிகள்

இக்காலத்து வண்டிகளில் பேட்டரியின் எதிர்முனை, அதாவது நெகட்டிவ், வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இது தலைகீழாக, பாசிட்டிவ் முனை உடம்போடு இணைந்திருக்கும். இதை அறியாமல் வயரின் நிறத்தை மட்டும் பார்த்து இணைத்தால், விசிறி எதிர்ப்புறமாகச் சுற்றி, வரும் காற்றைத் தடுத்து, வண்டியை முன்னிலும் அதிகமாகச் சூடாக்கும்.

இவ்வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்தே ஃபியூஸ் வழியாக 30ஆம் முனைக்கு வயர் வர வேண்டும். 87ஆம் முனை மோட்டாரின் நெகட்டிவ் வயருக்குச் செல்ல வேண்டும். மோட்டாரின் பாசிட்டிவ் வயர் எர்த் ஆக வேண்டும். ரிலேயின் உள்ளே டயோடு இருப்பின் 85, 86 ஆகிய இரண்டையும் இடம் மாற்றி இணைத்தல் வேண்டும். டயோடு இல்லாத ரிலேயை வாங்கினால் இக்குழப்பமே இல்லை.

சோதித்தல்

எல்லா இணைப்புகளையும் ஒரு முறை சரிபார்த்தபின் பேட்டரியை மாட்டி, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். ரேடியேட்டர் குளிர்ந்திருப்பதால் விசிறி சுற்றாது. இப்போது வெப்ப சுவிட்சுக்குச் செல்லும் வயரைக் கழற்றி, அதன் முனையை வண்டியின் உடம்பில் தொடுங்கள். ரிலே 'டக்' என்று ஒலிக்க, விசிறி சுற்ற வேண்டும். காற்று எஞ்சின் பக்கமாக வீசுகிறதா என்று ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். கையை இறக்கைகளின் அருகே கொண்டு செல்லாதீர்கள்.

ரிலே ஒலிக்கவில்லை எனில் குற்றம் 85, 86 முனைகளின் பக்கம். ஒலித்தும் விசிறி சுற்றவில்லை எனில் பெரிய ஃபியூஸ், 30, 87 ஆகிய முனைகள், மோட்டாரின் எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். பின்னர்ச் சுவிட்சை மீண்டும் இணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, விசிறி தானாகத் தொடங்கித் தானாக நிற்கிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிடம் சுற்றியபின் வயர்களைத் தொட்டுப் பார்த்தால் அவை சூடாக இருத்தல் கூடாது.

செய்யத் தகாதவை

ஃபியூஸ் எரிந்துவிட்டால் அதன் இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செப்புக் கம்பியையோ வைப்பது தீயை வரவேற்பதாகும். ஃபியூஸ் எரிவது ஓர் எச்சரிக்கை. காரணத்தைக் கண்டுபிடித்த பின்னரே புதியது போட வேண்டும். 20 ஆம்பியர் எரிந்தது என்று 40 ஆம்பியர் போடுவதும் தவறே. அப்போது ஃபியூசுக்கு மாறாக வயர்தான் எரியும்.

வயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதும், பெட்ரோல் குழாயோடு சேர்த்துக் கட்டுவதும், தகட்டின் துளை வழியே ரப்பர் வளையமின்றி நுழைப்பதும் கூடா.

இறுதியாக ஒன்று. மிகப் பழைய வண்டிகளின் வயர்களுக்கு ரப்பரும் பருத்தி நூலுமே உறையாக இருந்தன. நாம் வெட்டி எடுக்கும் பாலின் இயல்பை நாமே நன்கு அறிவோம்: வெப்பமும் எண்ணெயும் ரப்பரின் பகைவர்கள். அறுபது ஆண்டுகளாக எஞ்சினின் சூட்டில் கிடந்த அவ்வுறை, விரலால் வளைத்தாலே பொடியாக உதிரும். அத்தகைய வயர் இருக்குமாயின், மின்விசிறியைப் பற்றி எண்ணுவதற்கு முன் அவற்றை மாற்றுவதே முதற்கடமை.

மின்வேலையில் பழக்கமில்லாதோர் தேர்ந்த மெக்கானிக் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்தல் நன்று. இத்துறையில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகள், மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சிக் கழகங்களில் சேர்ந்து முறையாகக் கற்கவும் வழியுண்டு. ஒரு ரிலேயும் இரண்டு ஃபியூசும் வாங்க ஆகும் செலவு சிறிது. அவை காப்பது வண்டியை மட்டுமன்று. அதன் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டு வரும் குழந்தைகளையும் ஆகும்.